டிபன் டப்பா பெடல்

திங்கள், 27 ஜனவரி 2003. செங்கல்பட்டு

கொளவாய் ஏரி மேல் பனி. ஏழரை வரை எதிரே ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரம் தெரியவில்லை. திருப்போரூர் பஸ்ஸும் லேட். படூர் காலேஜில் கையெழுத்துப் போடும்போது 9.10. எச்.ஓ.டி. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வாங்க வேண்டியவை: கிட்டார் ஸ்ட்ரிங் ஒரு செட். 9 வோல்ட் பாட்டரி 2. ஈயக் கம்பி. அம்மாவுக்குப் புது டிபன் டப்பா (இதை மூன்று மாதமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன்).

கிட்டார் ஆம்ப் வந்துவிட்டது! எங்கள் பேண்டின் பாடகன் டேவிட் ஐ.டி. ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் லண்டனில் இருந்தான். வரும்போது யாரோ விற்ற நூறு வாட் வால்வு ஆம்ப்பைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். சட்டை பேண்ட் பாதியை அங்கேயே விட்டுவிட்டானாம். சரியான முடிவு. ஹெவி மெட்டலுக்கென்றே செய்த ஆம்ப். கெயின் திருகைப் பாதி திருப்பினாலே உறுமும் என்கிறான். இத்தனை நாள் நான் வாசித்தது பதினைந்து வாட் பெட்டி, அதில் உறுமல் எல்லாம் காலடியில் வைக்கும் பெடல் போட்ட பிச்சை.

அடுத்த வாரம் சனிக்கிழமை, எட்டாம் தேதி, மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட் புல்வெளியில் ஐந்து பேண்டு. நாங்கள் இரண்டாவது. இருபத்தைந்து நிமிஷம், நான்கு பாட்டு. நான்கும் சொந்தப் பாட்டு, நான்குக்கும் கிட்டார் நான் எழுதியது.

பெடல் நம்பர் 2 நேற்றே முடிந்தது. நானே சர்க்யூட் போட்டு நானே பற்றவைத்தது. நம்பர் 1 கொசு மாதிரி மெல்லிசாகக் கத்தியது. பேஸ், அதாவது கீழ்ச் சத்தம், உள்ளே வரும் இடத்தில் சின்ன கெபாசிட்டரைப் போட்டுத் தொலைத்திருந்தேன். நம்பர் 2-இல் அது பத்து மடங்கு. வீட்டில் அடித்தால் ஜன்னல் கம்பி அதிர்கிறது. கீழ் வீட்டு மாமி விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டினாள். இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

பெடலும் ஃபுல், ஆம்ப்பும் ஃபுல். அந்த ரிசார்ட்டில் தென்னை மரத்தில் ஒரு இளநீர் மிஞ்சாது.

புதன், 29 ஜனவரி

வெயில். மதியம் சாம்பார் சாதம், பாதி கொட்டிவிட்டது.

கேளம்பாக்கம் உப்புக் கிடங்கில் ப்ராக்டிஸ். டிரம்மர் ரஃபியின் சித்தப்பா கிடங்கு அது. பாதி காலி, சுற்றிலும் உப்பளம், எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. உப்புக் காற்றில் ஜாக் எல்லாம் பச்சை பிடிக்கிறது. துடைக்கத் துணி எடுத்துப் போக வேண்டும்.

ஆம்ப் 22 கிலோ. எங்களில் ஒரு வழக்கம்: ஆம்ப்பை யார் வாசிக்கிறார்களோ அவர்கள்தான் தூக்க வேண்டும். மறுபக்கக் கைப்பிடி பேஸ் கிட்டார் வாசிக்கும் சேகருக்கு. டேவிட் மைக்கைத் தவிர எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. தூசி தொண்டைக்கு ஆகாதாம். சொந்த ஆம்ப்புக்கும் அதே சட்டம்.

எல்லாவற்றையும் பத்தில் வைத்தேன். மிட், அதாவது நடுச் சத்தம், மட்டும் ஜீரோ. மெட்டல் வாசிக்கிறவர்கள் எல்லாரும் வீட்டில் அப்படித்தான் வைத்துக்கொள்வோம், தனியாகக் கேட்டால் மலை புரளுகிற மாதிரி இருக்கும். ஸ்ட்ரிங்கைத் தொடும் முன்னாலேயே ஆம்ப் ஊளையிட்டது. வாசித்தால் ஊளை நின்றது, ஆனால் மிச்சமெல்லாம் கூழ். ஸ்ட்ரிங்கை உள்ளங்கையால் அமுக்கி டக் டக் டக்கென்று வெட்ட வேண்டிய இடத்தில் ஒரே கொழகொழ.

ரஃபி குச்சியைக் கீழே வைத்தான். (பகலில் செ.பட்டு பஸ் ஸ்டாண்ட் எதிரே லாரி ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவன். வாயில் மரியாதை கிடையாது.)

"இன்னா மச்சி, என் கிக் டிரம் மேலயே ஏறி உக்காந்துகினு கீற. நானும் தும்முன்றேன், நீயும் தும்முன்ற. எது யாருதுன்னே தெர்ல."

சேகர்: "எனக்குக் கிட்டாரே கேக்கல. உன் கை ஆடுது பாரு, அத்தப் பாத்துத்தான் வாசிச்சிகினு இருந்தேன்."

டேவிட் மணி பார்த்தான். அது இன்னும் மோசம்.

கேபிளில் ஏதோ கோளாறு. நாளை செக் பண்ண வேண்டும்.

வெள்ளி, 31 ஜனவரி

கேபிளில் கோளாறு இல்லை.

பெடலே இல்லாமல் நேராக ஆம்ப்பில் போட்டேன். ஊளை போய்விட்டது. ஆனால் தொளதொளப்பு. கயிற்றுக் கட்டில் தொய்ந்த மாதிரி, ஒவ்வொரு நோட்டும் அடித்த பிறகுதான் வருகிறது. வேகமான மூன்றாவது பாட்டில் ரஃபி எனக்காகக் காத்திருந்தான். எனக்காக. ரஃபி. காத்திருந்தான்.

வெளியே உப்புப் பாத்தி ஓரத்தில் டேவிட் கூப்பிட்டான்.

"வனி, தப்பா எடுத்துக்காத. அடையாறுல நிகில்னு ஒரு பையன் இருக்கான். ப்ராசஸர் வச்சிருக்கான், பட்டனை அமுக்குனா சவுண்ட் ரெடி. செவ்வாக்கெழம வரைக்கும் பாப்போம். அன்னிக்கும் இப்டியே இருந்தா ஷோவுக்கு அவன் வாசிக்கட்டும்."

"பாட்டு என்னுது."

"கேசட் குடுத்தா கத்துக்குவான். ஆம்ப் என்னுது வனி. ஊர் முன்னாடி அசிங்கப்பட முடியாது."

பஸ்ஸில் அழவில்லை. இதை எழுதி வைக்கிறேன்: அழவில்லை. என் விரலிலிருந்து வந்த பாட்டை அவன் கேசட் கேட்டுக் கத்துக்குவானாம்.

என் கையில் தப்பு இல்லை. அது எனக்குத் தெரியும். எதில் தப்பு என்பதுதான் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. தினமும் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

சனி, 1 பிப்ரவரி

அரை நாள் காலேஜ். லேப் காலி. சிக்னலை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் நானும் ப்ராக்டிஸில் ரஃபி பதிவு செய்த கேசட்டும்.

கேசட்டை எட்டுத் தடவை கேட்டேன். மெல்லிய ஸ்ட்ரிங்கில் வாசிக்கிற இடம் எல்லாம் பரவாயில்லை. தடித்த ஸ்ட்ரிங் வந்தால்தான் கூழ். பெடல் நம்பர் 2-ஐ ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தேன். பேஸ் மலைபோல் வெளியே வருகிறது. வரும், நான்தானே அதற்குப் பத்து மடங்கு கெபாசிட்டர் போட்டேன்.

மூன்று மணிக்கு மண்டையில் ஏறியது. இந்த ஆம்ப்புக்கு உறுமல் கற்றுத்தர வேண்டியதில்லை, அது பிறவியிலேயே உறுமுவது. கொழுத்த பேஸை உள்ளே தள்ளினால் அதுதான் முதலில் தொண்டையை அடைக்கிறது. உள்ளே போவது மெல்லிசாக, பலமாகப் போக வேண்டும். கீழ்ச் சத்தம் ரஃபிக்கும் சேகருக்கும் சொந்தமான இடம். அங்கே நான் போய்ப் படுத்துக்கொண்டு, என்னைக் காணோம் என்று நானே தேடிக்கொண்டிருந்தேன்.

அதாவது: கொசு வேண்டும். நம்பர் 1!

அதை அம்மாவின் சதுர எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஓட்டை போட்டுச் செய்திருந்தேன். உதவாது என்று தீபாவளிக்கு சேகரிடம் கொடுத்துவிட்டேன். வேனில் ஃப்யூஸ் போட்டு வைக்க டப்பா கேட்டான்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல பெடலை ஃப்யூஸ் போட.

நம்பர் 2-இல் கெபாசிட்டரை மாற்றலாம் என்றால் அந்த மதிப்பில் ஒன்று லேபிலும் இல்லை, செ.பட்டு கடையிலும் இல்லை. சேகர் வீட்டில் போன் எடுக்கவில்லை.

ஞாயிறு, 2 பிப்ரவரி

வேடந்தாங்கல். பஸ்ஸில் நின்றுகொண்டே. சேகர் சீசனில் ஞாயிறு தோறும் ஸ்டேஷனிலிருந்து பறவை பார்க்க வருபவர்களை வேனில் ஏற்றிப் போவான். ஏரிக்கரையில் கூட்டம், ஆளுக்கொரு பைனாகுலர். எனக்குப் பறவை ஒன்றும் வேண்டாம்.

"இன்னா வனி, கொக்கு பாக்க வந்தியா?"

"டப்பா எங்க?"

டாஷ்போர்டுக்குள். மூடியைத் திறந்தால் சர்க்யூட் மேல் ஃப்யூஸ், நாலணாக்கள், பார்க்கிங் சீட்டு, பாதி வெற்றிலை. நான் திட்டிய திட்டில் ஒரு குடும்பம் பைனாகுலரை எங்கள் பக்கம் திருப்பியது.

சர்க்யூட் முழுசாக இருக்கிறது. திருப்புகிற நாப் மூன்றில் லெவல் சரி, டோன் சரி. உறுமல் ஏற்றும் டிஸ்டார்ஷன் நாப் உடைந்து, தண்டு உள்ளே மாட்டிக்கொண்டு, ஜீரோவில் இறுகிக் கிடக்கிறது. கட்டிங் பிளையரால் பிடித்தும் அசையவில்லை.

"அது ஒடஞ்சி ரொம்ப நாளாச்சு. ஃப்யூஸுக்கு அது எதுக்குன்னு வுட்டுட்டேன்."

புதுசு மாற்ற சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். இன்று கடைகள் லீவு. நாளை இன்டர்னல் பரீட்சை, காலேஜிலிருந்து நகர முடியாது. டிஸ்டார்ஷன் ஜீரோவில் இருந்தால் அது வெறும் சத்தம் ஏற்றுகிற டப்பா. பரவாயில்லை. பேஸைக் குறைக்கும் இல்லையா, அதுவாவது செய்யட்டும்.

வெற்றிலைக் கறை போக இரண்டு மணி நேரம்.

செவ்வாய், 4 பிப்ரவரி

கடல் காற்று பலம். கிடங்குக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

டேவிட் வரவில்லை, ஆம்ப் கிடங்கிலேயே இருந்தது. ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸாம். இன்றைக்கென்று பார்த்து.

எழுதிவைக்க (மறந்தால் தொலைந்தேன்):
பெடல்: டிஸ்டார்ஷன் 0 (வேறு வழி இல்லை). லெவல் ஃபுல். டோன் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
ஆம்ப்: கெயின் பத்திலிருந்து 5. பேஸ் 4. மிட் 6. (மிட் 6! போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.)

முதல் வெட்டு. டக்.

அவ்வளவுதான். டக் என்றால் டக். கை நின்றால் சத்தம் நிற்கிறது, கை போனால் போகிறது. கெயினைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன், கேட்க முன்னைவிடக் கொடூரமாக இருக்கிறது. தனியாக வாசித்தபோது கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது. ரஃபியும் சேகரும் சேர்ந்ததும் அந்த மூக்கு போய் ஒரு சுவர் நின்றது. மூன்றாவது பாட்டில் ரஃபிதான் என்னைத் துரத்திக்கொண்டு வந்தான்.

முடிந்ததும் ரஃபி குச்சியை என் பக்கம் நீட்டினான்.

ரஃபி: "இப்பதான் மச்சி நீ வந்துகீற. இத்தினி நாளு எங்க இருந்த?"

சேகர்: "என் டாஷ்போர்டுல."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். டிஸ்டார்ஷனை ஜீரோவில் வைத்தது என் மூளை இல்லை என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று மாதம் உட்கார்ந்து நான் செதுக்கிய டிஸ்டார்ஷனில் ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படவில்லை. பேஸை வடிகட்டி, நடுச் சத்தத்தைத் தூக்கி, ஆம்ப்பை ஓங்கி ஒரு தள்ளு. மற்றதை ஆம்ப் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் வலிக்கிறது. நிறைய சந்தோஷமாக இருக்கிறது.

வியாழன், 6 பிப்ரவரி

டேவிட் போன். ரஃபி சொன்னானாம், சரியாகிவிட்டது என்று.

"சந்தோஷம் வனி. ஆனா நான் காதால கேக்கல இல்ல. நிகிலை வரச் சொல்லிட்டேன். சும்மா, ஒரு சேஃப்டிக்கு. சவுண்ட் செக்ல பாத்துக்கலாம்."

"வரட்டும்."

போனை ஓங்கி வைத்தேன். பயம் இல்லை, கோபம். அவன் முன்னால் பரீட்சை எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். நான் கேள்வித்தாள் தயார் செய்பவள்.

அம்மா சமையலறையிலிருந்து: "ஏண்டி, அது என் டப்பாதானே? திரும்பி வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா. ஆனா இனிமே கிடைக்காது."

மூடியில் ஒரு சுரண்டல் பார்த்தேன். அப்பா பெயரின் முதல் எழுத்து, பாத்திரக் கடையில் வெட்டியது. இதுவரை கவனிக்கவில்லை. டேப் ஒட்டி மறைக்கலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

பாட்டரி புதுசு போட்டாச்சு. ஸ்பேர் ஒன்று பேனா டப்பாவில்.

ஞாயிறு, 9 பிப்ரவரி

காலை எட்டு. காதில் இன்னும் ஙொய். விரல் நுனி இரண்டு கிழிந்திருக்கிறது. காபி.

நேற்று. வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு ரிசார்ட். வெயிலில் புல் காய்ந்து குத்துகிறது, பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல். நானும் சேகரும் ஆம்ப்பை மேடைக்குத் தூக்கினோம். டேவிட் கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில். பக்கத்தில் கிட்டார் பையோடு ஒரு ஒல்லிப் பையன். நிகில். "ஹாய் அக்கா" என்றான். வெறுக்கத் தயாராக வந்தேன், முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

டிபன் டப்பாவைக் கீழே வைத்தேன். முன் வரிசையில் யாரோ: "மச்சான், அது இன்னா, லஞ்ச்சா?"

சவுண்ட் செக். யாரிடமும் கேட்காமல் மூன்றாவது பாட்டின் முதல் வெட்டிலிருந்து ஆரம்பித்தேன், ரஃபி இரண்டாவது அடியில் சேர்ந்தான், சேகர் நான்காவதில். சாப்பிட்டுக்கொண்டிருந்த லைட்காரர்கள் திரும்பினார்கள். டேவிட் கண்ணாடியைக் கழற்றினான். பாட மறந்துவிட்டான். முழு முதல் சரணமும் போனது, மைக் கையில் சும்மா இருந்தது.

நிறுத்தினேன். நிகில் மேடையில் ஏறி என் காலடியில் மண்டியிட்டான்.

"அக்கா, டிஸ்டார்ஷன் எவ்ளோ வச்சிருக்கீங்க?"

"ஜீரோ."

"ஜீரோவா? இவ்ளோ சவுண்டுக்கா?" குனிந்து பார்த்தான். "அக்கா, நாபே இல்லையே!"

"தேவைப்படல."

அவன் எழுந்து டேவிட்டைப் பார்த்தான். "நான் எதுக்கு வந்தேன் அண்ணா?" என்று சிரித்தபடி கேட்டான். பையின் ஜிப்பைத் திறக்கவே இல்லை. இருந்து கேட்டுவிட்டுப் போகிறேன் என்று முன்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்தான். நல்ல பையன். பெடல் வேண்டும் என்றால் ஒன்று செய்து கொடுப்பேன். டப்பா அவன் அம்மாவிடம் அவனே வாங்கி வரட்டும்.

ஐந்தரைக்கு ஏறினோம். நான்கு பாட்டு. இரண்டாவதில் ஒரு தப்பு (எனக்கும் சேகருக்கும் மட்டும் தெரியும்). மூன்றாவதில் முன் வரிசை மொத்தமும் தலையை ஆட்டியது. கிட்டார் ஒவ்வொரு வெட்டும் சவுக்குத் தோப்பில் பட்டுத் திரும்பி வந்தது, தனித்தனியாக, எண்ணலாம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எதிலும் வந்ததில்லை. இதைப் பெரிதாக எழுதத் தெரியவில்லை, இப்படியே இருக்கட்டும்.

இறங்கியதும் அடுத்த பேண்டு ஏற வேண்டும், அவசரம். நான் ஆம்ப்பின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சேகரைக் கூப்பிட்டேன். சேகர் வேனைத் திருப்பப் போயிருந்தான். இன்னொரு கைப்பிடியில் ஒரு கை வந்தது. டேவிட்.

"தூக்கு" என்றான்.

மணலில் வேன் வரை நல்ல தூரம். 22 கிலோ. அவனுக்குப் பழக்கம் இல்லை, முகம் சிவந்துவிட்டது, சட்டை ஆம்ப்பில் உரசி அழுக்கு. பாதியில் கொஞ்சம் இறக்கி வைக்கலாமா என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன்.