சூடாகப் போட்ட முதல் இலை

என் அருமை அக்கா,

நேற்று உனக்கு முதல் வருஷப் படையல். மலையடிவாரத்தில் இருக்கும் உன் வீட்டில், மணி பன்னிரண்டு அடித்ததும் தலைவாழை இலை போட்டோம். "சுடச்சுட போடுங்க. ஆறிப்போனா அவளுக்குப் புடிக்காது" என்றார் பாவா. இத்தனை வருஷம் உன்னோடு குடும்பம் நடத்திய மனுஷர். நீ சூடாகச் சாப்பிட்டு அவர் என்றைக்குப் பார்த்தார்?

நான் மட்டும் யோக்கியமா? போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மணவூரிலிருந்து நானும்தான் வந்தேன். மலையேறி இறங்குகிற சொந்தமெல்லாம் உன் வீட்டில்தான் கை நனைக்கும். நீ காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றுக்கு ஒன்றும் போடாமல் அடுப்படியில் நின்றாய். சாமி பார்த்து வருகிறவர்களுக்கு முன்னால் வீட்டுக்காரி உட்காரக்கூடாது என்று எந்தச் சாமி சொன்னது?

"சாப்ட்டியாக்கா?" என்று கேட்டேன். "ஆங், ஆச்சுமா. நீ உக்காரு" என்றாய். உட்கார்ந்தேன். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே தின்றேன். இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டேன், நீ குண்டானை வழித்து ஊற்றினாய். மூன்றாவது பந்திக்கு இலை போடும்போது சுருண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

அன்றைக்கு என்ன கூட்டு, என்ன பொரியல் என்றுகூட எனக்கு நினைவில்லை. என் வயிற்றை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்றைய கதையைக் கேள். காக்காய் சோறு எடுத்ததும் பந்தி ஆரம்பித்தது. கரண்டி உன் மகள் கையில். "அம்மா மாதிரியே பொறுமை" என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள், வாய் நிறையச் சோற்றோடு. மணி ஒன்று ஆனது. "நீ சாப்ட்டியாடி?" என்றேன். "எல்லாரும் சாப்ட்டுகினு இருக்காங்க இல்ல சித்தி, நான் அப்புறம் சாப்ட்டுக்கறேன்" என்றாள்.

கரண்டியைப் பிடுங்கி பாவா கையில் கொடுத்தேன். "நாங்க ரெண்டு பேரும் உக்காரப் போறோம். நீங்க ஊத்துங்க பாவா."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையேம்மா."

"அவளுக்கு மட்டும் பொறக்கும்போதே பழக்கமா?"

பாவா ஊற்றினார். பாதி இலையில், பாதி தரையில். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. போனை அணைத்துவிட்டு ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு தூக்கல். சமைத்தது நான்தான். நீ என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் இப்படித்தான் உனக்குப் போட்டுக்கொண்டிருந்தேனா? நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் அக்கா. தினமும் ஒரு மணிக்கு நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதற்கு முன்னால் உன் மகளுக்கு வீடியோ கால் போடுவேன். சாப்ட்டியா என்று கேட்கமாட்டேன். தட்டைக் காட்டு என்பேன்.

இப்படிக்கு,
சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, உன் பதிலை நம்பி உட்கார்ந்த
உன் தங்கை