முத்திரையில் இருந்த தேதி

மார்ச் 3, திங்கள்

டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "வேலை, வீடு ரெண்டையும் விட்டுட்டு, யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒண்ணைச் செய்யுங்க" என்றார். எனக்கு என்ன தெரியும்? இருபது வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறேன். சின்னச் சின்னதாக எதையாவது நோண்டத்தான் தெரியும். கடைக்கு வந்த பழைய பார்சல்களிலிருந்து தபால்தலைகளை உரித்து எடுத்து வந்தேன். பதினொன்று. கோந்து தடவி நோட்டில் ஒட்டினேன். ஐம்பது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி! நல்லவேளை, வீட்டுக்காரர் மீட்டர் சோதனைக்கு வெளியூர் போயிருக்கிறார். பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குக் கிண்டல்தான்.

மார்ச் 5, புதன்

கோந்து தடவக் கூடாதாம். தபால் நிலையத்துக்குப் பின்னால் தபால்தலைக் கடை ஒன்று இருக்கிறது. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். கடைக்காரர் என் நோட்டைப் பார்த்ததும், "பதினோரு பேரையும் கொன்னுட்டீங்களே மேடம்" என்றார். உறையை ஓரமாக வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட வேண்டும், தலை தானாகக் கழன்று மிதக்கும், விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்து உலர்த்த வேண்டும்.

"ரொம்பப் பழைய உறைன்னா வெட்டவே வெட்டாதீங்க. முத்திரையோட முழுசா இருந்தாத்தான், எந்த ஊர்லேர்ந்து என்னைக்குக் கிளம்புச்சுன்னு தெரியும்."

ஒரு இடுக்கியைச் சும்மாவே கொடுத்தார். முன்பின் தெரியாத ஆளுக்கு எதற்கு?

மார்ச் 9, ஞாயிறு

பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அவருடைய பழைய காகிதங்கள் கிடக்கின்றன. நான் ஸ்டூலை இழுத்ததும் நாத்தனார் வந்துவிட்டாள். "தூசி உங்களுக்கு ஆகாது அண்ணி. நான் இறக்கறேன்." அவருடைய தங்கை; கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டவள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறாள். வாரத்தில் அவளுக்குக் கிடைப்பது இந்த ஒரு ஓய்வு நாள். அதில் எனக்காகத் தூசி தட்டுகிறாள் என்று நெகிழ்ந்துதான் போனேன்.

தன் அறையில் உட்கார்ந்து பிரித்தாள். முதலில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு கட்டு உறைகளைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் மின்வாரியம், வங்கி. ஒன்றின் முதுகில் மட்டும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு வெளிநாட்டுத் தலை! நீல நிறத்தில் கலங்கரை விளக்கம்.

"இது மாதிரி வேற இருக்கா?"

"இல்ல அண்ணி. எல்லாம் குப்பை."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். தலைவலி என்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மார்ச் 10, திங்கள்

இந்த வீட்டில் கடல் தாண்டிப் போனவர் யாருமில்லை. அப்புறம் இந்தத் தலை எங்கேயிருந்து வந்தது?

மார்ச் 12, புதன்

செய்யக் கூடாததைச் செய்தேன். அவள் வேலைக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் தூசி படியாத இடம் ஒன்று, ஒரு செங்கல் அளவுக்கு. அங்கே இருந்ததை எடுத்திருக்கிறாள். அவள் பீரோவில் இத்தனை வருஷமாகச் சாவி தொங்கிக்கொண்டே இருக்கும். இன்று பூட்டியிருந்தது, சாவியைக் காணோம்.

நல்ல தலைகளையெல்லாம் தனக்கு எடுத்துக்கொண்டு எனக்கு மின்வாரியத்தைக் கொடுத்திருக்கிறாள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருக்க மாட்டேனா?

மார்ச் 14, வெள்ளி

கலங்கரை விளக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "சாதாரணமானதுதான். உறையோட இருந்தா சொல்லுங்க. இது மாதிரி இன்னும் இருக்கா?"

சாதாரணம் என்றால் எதற்கு இன்னும் கேட்கிறார்? இடுக்கியைச் சும்மா கொடுத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

அவர் வந்துவிட்டார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை, பரணை அண்ணாந்து பார்த்தார். "அங்க இருந்த பெட்டிய யாரு எறக்குனது?"

"உங்க தங்கச்சிதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. தூசின்னு கேட்டேன்."

சாப்பிடும்போது அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அப்படியென்றால் இது தபால்தலை விவகாரமே இல்லையோ? வீட்டுப் பத்திரமோ? என் காதுக்கு எட்டாமல் இரண்டு பேருக்குள்ளும் ஏதோ ஓடுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

இருபத்தைந்து வருஷம் ஆகியும் நான் இந்த வீட்டில் வெளியாள்தானா?

மார்ச் 21, வெள்ளி

மதிய இடைவேளையில் உறை ஏதாவது கிடைக்குமா என்று தபால் நிலையப் பக்கம் போனேன். அதன் பின்பக்கச் சந்திலிருந்து நாத்தனார் வெளியே வருகிறாள்! கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரில் வருபவர்களை இடித்துக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சந்தில் தபால்தலைக் கடையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

விற்றுவிட்டாள். என் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து, எனக்குத் தெரிந்த கடையிலேயே. எவ்வளவு தைரியம் பாரேன்! சாயங்காலம் மூன்று மூக்குக் கண்ணாடிகளுக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

கடைக்குள் நுழைந்ததும் கேட்டேன். "நேத்து வந்த அம்மா உங்ககிட்ட என்ன வித்தாங்க?"

கடைக்காரர் திகைத்துப்போனார். "விக்கலீங்க. உறையில ஒரு முத்திரை மங்கிப் போயிருந்துச்சு. தேதியப் படிச்சுச் சொல்ல முடியுமான்னு கேட்டாங்க. விளக்கைச் சாய்ச்சு வெச்சுப் பாத்தேன். ஆகஸ்ட் ரெண்டு. வருஷத்தையும் சொன்னேன். கேட்டதும் அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. தண்ணி குடுத்தேன், குடிக்கல." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு வேண்டியவங்களா?" என்றார்.



மார்ச் 23, ஞாயிறு

காலையில் அவர் வெளியே போனதும் அவள் கதவைத் தட்டினேன். "அந்த உறையப் பாக்கணும்" என்றேன்.  இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள்.

ஒன்பது உறைகள். ஒன்பது துறைமுகங்கள். எல்லாவற்றிலும் அவள் பெயர். எல்லாமே குறுகலான ஓரத்தில் பிளேடால் நேராகக் கீறித் திறந்தவை. அப்படித் திறக்கும் ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான்.

எழுதியவர் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தவராம். போகிற துறைமுகத்திலிருந்தெல்லாம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். தினமும் இவள் கேட்பாள். தினமும் அண்ணன், "ஒண்ணும் வரலம்மா" என்பார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் கப்பல்காரரின் வீட்டு முகவரிக்கு எழுதிவிட்டாள் — இனி என்னைத் தேடி வர வேண்டாம் என்று.

கப்பல்காரரின் கடைசிக் கடிதம் நாலே வரி. செப்டம்பர் பத்தாம் தேதி வந்து இறங்குகிறேன், துறைமுகத்துக்கு வந்துவிடு, இருவரும் நேராகப் பதிவு அலுவலகம் போவோம். எழுதிய தேதி மட்டும் இல்லை. அந்த மனிதர் எந்தக் கடிதத்திலும் தேதி போட்டதில்லை.

"நான் வேண்டாம்னு எழுதினதுக்கு அப்புறம் இது வந்திருந்தா, அண்ணன் மேல பாதித் தப்புதான்னு மனசத் தேத்திக்கலாம்னு பாத்தேன் அண்ணி. அதுக்குத்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஆகஸ்ட் ரெண்டுல கெளம்பினது, நான் எழுதறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கும்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"அம்மா படுத்த படுக்கை. நீ மாசமா இருந்தே. அவளும் கெளம்பிட்டா யாரு பாக்கறது? ஆறு மாசம் கழிச்சுக் குடுத்துக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் குடுக்கறது?"

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே?"

"மனசு வரல."

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

 அவரைச் சொல்லி என்ன? மாமியாருக்கு அவள்தான் எல்லாம் செய்தாள். என் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தாள். அதனால்தான் என்னால் வேலைக்குப் போக முடிந்தது. அந்த வருஷம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவது எனக்குக் கேட்கும். ஏன் என்று ஒரு நாள் கேட்டேனா? இல்லை. கேட்டால் போய்விடுவாளோ என்று — ஆமாம், அதுதான், எழுதிவிடுகிறேன் — அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அவளைத் திருடி என்று நினைக்க எனக்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில் அறை கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். என்னிடம்தான் சொன்னாள். அண்ணனிடம் பேச்சு இல்லை.

ஏப்ரல் 19, சனி

மாடி அறை, ஒரே ஜன்னல், பின்னால் துணி உலர்த்தும் மைதானம். நானும் அவளும் பீரோவைப் படியேற்றிக் களைத்துப்போனோம். மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்தக் கப்பல்காரர இப்பத் தேடிப் பாக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு அண்ணி? அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும். பழைய கடுதாசிய வெச்சுக்கிட்டு இன்னொரு வீட்ட நான் கலைக்க மாட்டேன்."

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். இன்று இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவைத்திருந்த உறைகளை ஊறவைத்தோம். சிவப்பு உறையின் சாயம் இறங்கி ஆறு தலைகள் பாழ். "சலவைக்காரிகிட்டக் கேட்டிருக்கலாமே அண்ணி, சிவப்பைத் தனியாத்தான் ஊறவைக்கணும்" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

துண்டு எடுக்க எழுந்தபோதுதான் அலமாரியில் பார்த்தேன். ஒரு கடித உறை. முகவரி என் வீட்டுக்காரர் கையெழுத்து. இந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கே தபாலில் அனுப்பியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் முத்திரையைப் படித்தேன். ஜூன் ஐந்து. பிரிக்கவில்லை.

நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"எப்பப் பிரிக்கணும்னு நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே வரும்வரை கூடப் பொறுக்கவில்லை.

"படிச்சாளா?"

"அவ கைக்குப் போய்ச் சேந்துடுச்சு" என்றேன்.