அத்தாவின் ஷட்டில் பைத்தியம்

அடையாறு

அன்பு மகள் ஜுவேரியாவுக்கு அம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில இங்கே நான் நலம், மெல்போர்ன்ல நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்க துஆ செய்றேன். உங்க அத்தா நலமான்னு கேட்காதே, அந்தக் கூத்தைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், போன்ல பேசினா மனுஷன் பக்கத்துலயே நின்னு ஸ்பீக்கரைப் போடச் சொல்றாரு.

ரம்ஜானுக்கு முன்னாடியே அவருக்கு இடுப்புல புடிச்சு இடது கால் கெண்டை வரைக்கும் சுர்ருனு இழுக்குது. கேட்டா தசைப்பிடிப்பாம், ஆடினா சரியாப் போயிடுமாம், தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு திருவான்மியூர் கோர்ட்டுக்குக் கிளம்பிடுவாரு. அறுபது தாண்டியாச்சு, தொப்பை முன்னால போகுது இவரு பின்னால போறாரு, இதுல நெத்தியில வேர்வைப் பட்டை வேற, அதையும் பேட்டையும் வாங்கி அனுப்பின மகராசி நீதான். குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது, நான்தான் மாட்டி விடணும், ஆனா ஷட்டிலை மட்டும் எகிறி அடிக்கணும். ஜோடி யாருன்னா தி.நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்காரே இசக்கிமுத்து, அவருதான், அதுக்கு இது சரியாப் போச்சு.

ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பார்க்கிறேன், இடது பாதத்தைத் தூக்க வரலை, செருப்பு கழண்டு கீழ்ப்படியிலேயே கிடக்குது, இவருக்கு அது தெரியவும் இல்லை. என்னங்க இதுன்னா செருப்பு லூஸாம். மறுநாள் அதே காலோட மேட்சுக்குக் கிளம்பினாரு, நானும் கூடப் போனேன். எகிறி அடிச்சாரு, இறங்கும்போது கால் நிக்கலை, மல்லாக்க விழுந்தாரு. இசக்கிமுத்து ஓடிவந்து, பாயிண்ட் நமக்குத்தான் பாய்ங்கிறாரு! ரெண்டு பேருக்கும் சேர்த்தாலும் ஒரு ஸ்பூன் மூளை தேறாதுன்னு கோர்ட்லயே சொல்லிட்டேன். ஆட்டோல கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டினோம். ஸ்கேன் பார்த்துட்டு, வலி கால்ல தெரிஞ்சாலும் கோளாறு முதுகுல, டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது, இன்னும் இழுத்தடிச்சிருந்தா பாதம் தொங்கியே போயிருக்கும்னாரு. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பிசியோதெரபி செய்யட்டும், நடக்கட்டும், குணமானதும் எகிறாம மெதுவா ஆடலாம்னாரு. உங்க அத்தா கேட்ட ஒரே கேள்வி, குணமானதும்னா எந்த ஞாயித்துக்கிழமை டாக்டர்? அந்த டாக்டர் என்னைப் பார்த்தாரு, நான் சுவத்தைப் பார்த்தேன்.

அதுக்கப்புறம் இசக்கிமுத்து வேற ஆளை ஜோடி சேர்த்துக்கிட்டாருன்னு சேதி வந்துச்சு. வலியில கூட வழிச்சுத் தின்ன மனுஷன் அன்னைக்குச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு. என் இடம் போச்சு இல்ல ஜமீலான்னாரு. வாய்க்கு வந்த திட்டை முழுங்கிட்டு ரசம் ஊத்தினேன். இப்ப பாதம் லேசாத் தூக்க வருது, அல்ஹம்துலில்லாஹ்.

இதையெல்லாம் உனக்கு எதுக்கு எழுதுறேன்னு நினைக்காதே. போன வாரம் வீடியோல பேசினப்ப நீ சமையல் மேடையைப் புடிச்சுக்கிட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னியே, அத்தா நிக்கிற அதே மாதிரி. வாலிபால் ஆடினதுல சின்னப் பிடிப்பும்மான்னு சிரிச்சே. அந்தச் சிரிப்பும் அவருதுதான். அப்பனுக்குத் தப்பாத பொண்ணுன்னு ஊர் மெச்சட்டும், நான் மெச்ச மாட்டேன். இவரு விழுந்தப்ப நான் அங்கே நின்னேன். நீ விழுந்தா எனக்கு விசா வரணும்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும். மாப்பிள்ளைக்கு என் சலாம். இந்த வாரமே டாக்டரைப் பாரு, பார்த்துட்டு எனக்கு மட்டும் போன் போடு.

உன் அம்மா,
ஜமீலுன்னிசா