ஊசி படாத கை

இயேசு மரி சூசை

திருக்காட்டுப்பள்ளி,
ஞாயிறு மாலை.

கால்நடை மருத்துவம் பயிலும் என் மகன் ஜோஸ்வாவுக்கு, உன் தாய் அருள்மேரி எழுதுவது. இங்கு யாவரும் நலம். நீ நலமா என்று கேட்க இம்முறை மனம் ஒப்பவில்லை. கைப்பேசியில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், ஆகவே கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு தானாகவே எழுத்தைக் கற்றவள் நான். எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்றே எழுதுகிறேன்.

சம்பா நடவு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை. செவலைப் பசுவுக்குக் காய்ச்சல் கண்டு, இன்று மதியம் மருத்துவர் வந்து அதன் கழுத்தில் ஊசி போட்டார். அது தலையைக்கூட அசைக்கவில்லை. அப்போது உன் நினைவு வந்தது, அருவருப்பாக இருந்தது.

இரத்ததான முகாமில் கையில் பிளாஸ்திரியோடு சிரித்தபடி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, மாதா படத்தின் கீழ் வைத்திருந்தேன். கோயில் வாசலில் கண்டவர்க்கெல்லாம் காட்டினேன். எதிர்வீட்டு நெய்னா முகம்மதுவுக்கும் காட்டினேன்.

அதற்கு மறுவாரம் அவர் மனைவி தஹ்மீனாவுக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கும் உன் வகை இரத்தம், ஓ நெகட்டிவ். அந்த மனிதர் முதலில் அழைத்தது உன்னைத்தான். என்னிடமே வந்து சொன்னார்: "தம்பி போன வாரந்தான் குடுத்துச்சாம்க்கா. மூணு மாசத்துக்குக் குடுக்கக் கூடாதாமே. பாவம், அத வற்புறுத்தாதீங்க."

நானும் அதே வகை. போனேன். உங்களுக்கே இரத்தம் பத்தாதும்மா என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் திருச்சியிலிருந்து ஒரு பையன் மழையில் வண்டி ஓட்டி வந்து கொடுத்தான். "பேரு கேட்டாக்கூட சொல்லலக்கா, டீ மட்டும் குடிச்சிட்டுப் போயிட்டான்" என்று நெய்னா கண் கலங்கினார். தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள்.

இன்று பூசை முடிந்து வந்த ஷீபாவிடம், உன் வகுப்புத் தோழிதானே என்று, உன் பெருமையைப் பேசினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவன் எங்க அத்த குடுத்தான்? ஊசியப் பாத்ததும் கட்டில்லேருந்து எறங்கிட்டான். பிளாஸ்திரிகூட நான் குடுத்ததுதான். அவன் மட்டுமா? ஜிம்முக்குப் போற கை எளைச்சிடும்னு ஒருத்தன், கல்யாணத்துக்கு முன்னாடி கூடாதுன்னு ஒருத்தன். எல்லாரும் அதே கட்டில்ல மாறி மாறிப் படுத்துப் படம் எடுத்துக்கிட்டாங்க." அவள் கொடுத்திருக்கிறாள். அவளிடம் படம் இல்லை.

அஞ்சுவது குற்றமன்று, ஜோஸ்வா. எனக்கும் ஊசி என்றால் அச்சந்தான். பயமாக இருக்கிறது என்று அந்த மனிதரிடம் சொல்லியிருந்தால், அவர் அந்த நொடியே வேறு ஆளைத் தேடியிருப்பார். கொடுக்காத இரத்தத்தைக் கொடுத்ததாகச் சொல்லி, ஒருத்தி உயிருக்குப் போராடும்போதும் நல்லவன் என்ற பெயரைக் கைவிடாமல் காத்துக்கொண்டாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. படத்தை எடுத்துவிட்டேன். உன் தந்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு குழந்தைக்குப் பெயர் சூட்டி விருந்து வைக்கிறார்கள். "ஜோஸ்வா தம்பி கட்டாயம் வரணும்க்கா, அதால முடிஞ்சிருந்தா குடுத்திருக்கும்ல" என்கிறார் நெய்னா. பொய்யோடு அந்தப் பந்தியில் நீ அமரக் கூடாது.

மூன்று மாதத் தவணை உனக்குத் தேவையில்லை. உன் கையில் இன்னும் ஊசி படவில்லை. சனிக்கிழமை காலை தஞ்சாவூரில் இரத்த வங்கி வாசலில் நிற்பேன். யாருக்கென்று கேட்காமல் கொடு. பிறகு நெய்னாவிடம் உண்மையை நீயே சொல். அவர் என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்.

வெறும் வயிற்றோடு வராதே. இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வா. தலை சுற்றினால் பிடித்துக்கொள்ள நான் பக்கத்திலேயே இருப்பேன்.

மாதா உனக்குத் துணிவைத் தரட்டும் என்று வேண்டி நிற்கும்,
உன் தாய்
அருள்மேரி