ஹைதராபாத்தைக் குறை சொல்ல ஆளில்லை

ஏற்காடு
20 ஜனவரி 2025

கவியாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தைக் கவியா சொல்லித் தெரிந்துகொண்டேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுகிறேன். நான் கத்தினால் கவியா கதவைச் சாத்திக்கொள்கிறாள். எழுதினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. அதனால் இனி நம் பேச்சு தபாலில்தான்.

பொங்கலுக்கு உங்களிடம் வந்த பெண் நல்லபடியாகத் திரும்பிவிட்டாள். நீங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு பண்டிகைக்கு அவள் என்னோடு இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. போகட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியவளின் தலையைப் பார்த்தேன். மீன்முள் மாதிரி என்னவோ ஒரு பின்னல். யார் பின்னிவிட்டது என்று கேட்டேன். "வனிதா அக்காம்மா" என்றாள். நீங்கள் குடித்தனம் நடத்துகிற பெண் என் மகளுக்கு அக்கா. உறவுமுறை நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. மறுநாள் எண்ணெய் தேய்த்துவிடக் கூப்பிட்டேன். பின்னல் கலைந்துவிடும் என்று வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். வந்ததிலிருந்து எம்.எஸ்ஸி. படித்தால் ஹைதராபாத் பல்கலைக்கழகம்தான் என்று ஒரே பேச்சு. ஏன், நம் பக்கத்தில் பல்கலைக்கழகமே இல்லையா? மலையிறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம். வீட்டிலிருந்தே போய்வரலாம். சென்னை இருக்கிறது. பாண்டிச்சேரி இருக்கிறது. அப்பா வளாகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார், வனிதா அங்கே படித்தவள் என்பதெல்லாம் ஒரு காரணமா? பெண்ணுக்கு ஆசை காட்டாதீர்கள்.

மல்லிகா


ஹைதராபாத்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள மல்லிகாவுக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து நொம்ப நாளாயிற்று. திட்டுவதற்கென்றாலும் எழுதினாயே, சந்தோஷம்.

ஆசை காட்டவில்லை. அவள் கேட்டாள், வளாகத்தைச் சுற்றிக் காட்டினேன். பாறையும் ஏரியுமாக ஒரு காடு மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு செடியாக நின்று பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கே பேர் தெரியாத செடிகளுக்கு லத்தீன் பேர் சொன்னாள். அடுக்குமாடிக்காரர்களுக்குத் தோட்டம் போட்டுப் பிழைக்கிறவன் நான், வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

நீ சொன்ன எல்லாவற்றையும் விசாரித்தேன். பெரியார் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இருக்கிறது, வீட்டுச் சோறும் கிடைக்கும். ஆனால் பி.எஸ்ஸி. முழுக்கச் சேலத்துக்குப் பஸ்ஸில் இறங்கி ஏறியவள், இன்னும் இரண்டு வருடம் அதே கொண்டை ஊசி வளைவுகளா என்று யோசி. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறை பழையது, பேர் பெற்றது. விடுதி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பாண்டிச்சேரியில் சூழலியல் நன்றாக இருக்கும். இங்கே தாவர உயிரியலுக்கென்றே துறை இருக்கிறது. அவள் ஆசைப்படுவது சோதனைக் கூடத்துக்கு, எனக்காக இல்லை. பாண்டிச்சேரிக்கும் இங்கேயும் ஒரே நுழைவுத் தேர்வுதான். இப்போது எழுதட்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்று மதிப்பெண் வந்த பிறகு முடிவுசெய்து, தனியாக விண்ணப்பிக்கலாமாம்.

அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மாதத்தில் பாதி நாள் வாரங்கல், விஜயவாடா என்று வேலைக்குப் போய்விடுகிறேன். நீ பயப்படுகிற அளவுக்கு அவளை நான் பார்க்கப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பனி அதிகமா?

ஜீவா


ஏற்காடு
23 பிப்ரவரி 2025

கவியாவின் அப்பாவுக்கு,

பனி அதிகம்தான். நீங்கள் போன பிறகு குறைந்துவிடும் என்று நினைத்தீர்களா?

நீங்கள் விசாரித்த மாதிரி நானும் விசாரித்தேன். நீங்கள் ஆள் வைத்து விசாரிக்க வேண்டும், எனக்கு ஆட்கள் லாட்ஜுக்கே வருகிறார்கள். ரிசப்ஷனில் சாவி கொடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன். எந்த ஊர், உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் எப்படி, பெண் பிள்ளைகளுக்கு விடுதி எப்படி, சாப்பாட்டில் உப்பு உறைப்பு இருக்கிறதா? சிலர் நான் ஏதோ கணக்கெடுப்புக்காரி என்று நினைத்துக்கொண்டு ஆதார் அட்டையை எடுக்கிறார்கள்.

போன சனிக்கிழமை பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஏரி தெரிகிற அறையாகப் பார்த்துக் கொடுத்தேன். வளாகத்திலிருந்து கடலுக்கு நடந்தே போகலாமாம். நூலகம் பெரிதாம். இதைவிட என்ன வேண்டும்? வந்து பேசு என்று கவியாவைக் கூப்பிட்டேன். வந்தாள், ஹாய் சொன்னாள், அறை கூட்டுகிற ஜெயமேரியோடு சேர்ந்து படுக்கை விரிப்பு மடிக்கப் போய்விட்டாள். கூச்சம்.

உங்கள் ஊர்க்காரர்களும் வந்தார்கள். நடுவயதுத் தம்பதி. ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தேன். தூங்காமல் எரிச்சலோடு வந்தால் நாலு குறையாவது வாயிலிருந்து வரும் என்று பார்த்தேன். காலையில் வந்து, "எங்க அண்ணன் பையன் அங்கேதான் படிச்சானுங்க, தங்கமான இடமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பூர்வீகம் ஈரோடாம். ஹைதராபாத்தைக் குறை சொல்ல ஓர் ஆள்கூட மலையேறி வருவதில்லை.

ஆமாம், பொறாமைதான். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. உங்களை வனிதா எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை யாரிடமும் பேசவில்லை. லாட்ஜில் உட்கார்ந்தேன், பெண்ணைப் படிக்க வைத்தேன். இப்போது தேர்வுக்கு எதைப் படிப்பது என்று ராத்திரியானால் கவியா அவளுக்குத்தான் போன் செய்கிறாள். நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. என்னிடம் பேசும்போது அவள் அப்படிச் சிரிப்பதில்லை. பன்னிரண்டாவதோடு நின்றவளிடம் தாவர உயிரியலைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது?

இரண்டு வருடம் அங்கே இருந்தால் அவள் லீவுக்கு மட்டும் என் வீட்டுக்கு விருந்தாளியாக வருவாள். எனக்கு விருந்தாளிகள் போதும்.

மல்லிகா


ஹைதராபாத்
8 மே 2025

அன்புள்ள மல்லிகாவுக்கு,

கவியா நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. உன் உழைப்பு. நான் சும்மா சொல்லவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டாள். ஹைதராபாத்துக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை, பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் மட்டும் போடுகிறேன் என்றாள். கடல் பிடிக்குமாம். ஏற்காட்டில் பிறந்த பிள்ளைக்கு எப்போது கடல் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. "சரி சாமி, உனக்குப் பிடிச்சதைச் செய்யி" என்றேன். அவள் மனதை மாற்ற வனிதா பேச வந்தாள், நான் போனைக் கொடுக்கவில்லை.

நீ ஆசைப்பட்டபடி நடந்துவிட்டது. எனக்கு வருத்தம் இருக்கிறது, உன் மேல் கோபம் இல்லை. இங்கே விண்ணப்பிக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜீவா


ஏற்காடு
12 மே 2025

கவியாவின் அப்பாவுக்கு,

அவள் தானாக எடுத்த முடிவு. நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று லாட்ஜில் எல்லோருக்கும் கேசரி செய்து கொடுத்தேன். கோடைக் கூட்டம் தொடங்கிவிட்டது, எழுத நேரமில்லை. வனிதாவுக்கும் முடிவைச் சொல்லிவிடுங்கள்.

மல்லிகா


ஏற்காடு
25 மே 2025

கவியாவின் அப்பாவுக்கு,

கோடை விழாக் கூட்டத்துக்கு நடுவே இன்றுதான் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடிதத்தில் உங்களால் பேசவும் முடியாது.

வியாழக்கிழமை மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பேர் புவனேஸ்வரி, நாமக்கல் பக்கம். எந்தக் கல்லூரி என்று வழக்கம்போலக் கேட்டேன். ஹைதராபாத் பல்கலைக்கழகம், தாவர உயிரியல் என்றாள். நான் பேச்சை மாற்றி வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லத் தொடங்கினேன். ஆனால் கவியா மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டாள்.

பாண்டிச்சேரிப் பெண்கள் வந்தபோது விரிப்பு மடிக்கப் போனவள், இவர்களை விட்டு நகரவில்லை. கிளியூர் அருவிக்கு வழி காட்டுகிறேன் என்று கூடவே இறங்கினாள். அந்தப் பாதைக்கு நான் கெஞ்சிக் கூப்பிட்டாலும் முட்டி வலிக்கிறது என்பாள். சாயங்காலம் மழையில் நனைந்து திரும்பி வந்தார்கள். துண்டு கொடுக்கப் போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சோதனைக் கூடத்தில் ராத்திரி எவ்வளவு நேரம் இருக்க விடுவார்கள், எந்தப் பேராசிரியர் எதைச் செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயமேரி என் காதோடு சொன்னாள்: "ஏனுங்க்கா, கவியாக் கண்ணு இப்பிடிச் சிரிச்சு நொம்ப நாளாச்சுங்க."

அந்தப் பெண்கள் கிளம்பும்போது புவனேஸ்வரி, "நீயும் விண்ணப்பம் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். இவள் என் பக்கம் பார்த்தாள். "இல்லக்கா, எனக்குக் கடல்தான் புடிக்கும்" என்றாள். கடலைக் காட்ட நீங்களும் நானும் அவளை ஒரே ஒரு தடவை கூட்டிப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? பயந்து உங்கள் தோளை விட்டு இறங்கவே இல்லை.

எனக்கு அப்போது அவள் மேல்தான் கோபம் வந்தது. எனக்காக ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு, அதை வாழ்நாள் முழுக்க என் வீட்டில் மாட்டி வைக்கப் போகிறாளா? அது எனக்கு வேண்டாம். நேற்று அவளை ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் உட்கார வைத்து விண்ணப்பத்தைப் போடச் சொன்னேன். "நெசமாத்தானம்மா?" என்று கேட்டாள். "பேசாம டைப் அடி" என்றேன். போட்டாயிற்று. பாண்டிச்சேரிக்கும் போட்டிருக்கிறோம். இடம் கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை, கிடைக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த அளவுக்குத்தான் என்னால் முடியும்.

இன்னொரு விஷயம். புவனேஸ்வரிக்குச் சேர்ந்த புதிதில் காய்ச்சல் வந்து, விடுதியில் படுத்துக் கிடந்தாளாம். உள்ளூர்ப் பொறுப்பாளர் என்று எழுதிக் கொடுத்திருந்த அவள் சித்திதான் வந்து ஆட்டோவில் தூக்கிப் போனாளாம். சேரும்போது கவியாவிடமும் அப்படி ஒருவர் பேர் கேட்பார்கள். நீங்கள் வாரங்கலில் மரம் நட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் இங்கிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் காய்ச்சல் முற்றிவிடும். அதனால் வனிதாவின் பேரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய நம்பரை எனக்கு அனுப்புங்கள். கவியா மூலமாக வேண்டாம். நானே கூப்பிடுகிறேன். கத்த மாட்டேன்.

எழுதும்போது வயிறு எரிகிறது, எழுதிவிட்டேன்.

கவியாவுக்கு மாத்திரை முழுங்க வராது, பொடித்துத் தேனில் கொடுக்க வேண்டும். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. வனிதா ஞாயிற்றுக்கிழமை சோறு போடட்டும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். தலை மட்டும் பின்னிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதை நான் போனில் அவளிடம் கேட்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கவியா லீவுக்கு வரும்போது எனக்கும் ஏதாவது வேலை வேண்டும்.

மல்லிகா