பதிமூன்றாவது வேலை

அக்கா,

ஃபிரிட்ஜில் நீ ஒட்டிய பட்டியலில் இருந்த பன்னிரண்டு வேலைகளையும் படித்துவிட்டேன். படித்ததைப் பதிமூன்றாவது வேலையாகச் சேர்த்துக்கொள். ஒன்று முடிந்தது.

"தின்னுட்டுப் படுத்தே கிடக்கறியே, வெக்கமா இல்ல?" என்று திங்கட்கிழமை கேட்டாய். வெட்கம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. எழுந்திருக்கத்தான் வரவில்லை. காதில் கேட்ட குரல்களாவது "எழுந்திரு, ஓடு" என்று விரட்டின. மாத்திரை அவற்றைத் துரத்திவிட்டது. இப்போது அந்த உத்தியோகத்தை நீ பார்க்கிறாய். உன் குரலுக்குத்தான் மாத்திரை இல்லை.

"மனச்சிதைவுல இதுவும் ஒரு பகுதிதான், சோம்பேறித்தனம் இல்ல" என்று டாக்டர் சொன்னபோது மகாராணி நீங்கள் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தீர்கள். குளிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், அக்கா. நினைப்புக்கும் வாளிக்கும் நடுவில் ஏதோ அறுந்து கிடக்கிறது.

சோப்பு தீர்ந்துவிட்டது, வாங்கப் போகிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கும்.

பி.கு.: இந்தச் சீட்டை எழுத ஆரம்பித்தது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி.

இன்னொன்று: செருப்பு மாட்டியாயிற்று. நீ வரும்போது நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால், "இன்னும் போகலையா?" என்று கேட்காதே. "வாசல் வரைக்கும் வந்துட்டியேடா" என்று சொல்.