அக்காவுக்கென்று ஒதுக்கிய பாத்தி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் வலது மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருப்பதால், அவள் சொல்லச் சொல்ல உன் தங்கை நான் எழுதுகிறேன், அவள் சொல்வதையும் சொல்லத் தயங்குவதையும் அப்பா குறுக்கே பேசுவதையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன். நாங்கள் சுகம், நீயும் அத்தானும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள்.

உன் ரத்தத்தில் இரும்புச்சத்து இன்னும் இறங்கிவிட்டதாக நீ போனில் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரை குமட்டுகிறது என்று நீ அழுதபோது, அதை விட்டுவிடு, நம் தோட்டத்துப் பசலைக்கீரைப் பொடியே போதும் என்று சொன்னவள் அவள்தானே. அப்பா அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, மாப்பிள்ளை சமையலைச் சாப்பிட்டா யாருக்குத்தான் ரத்தம் ஊறும் என்றார், அவர் மட்டும்தான் சிரித்தார். நான் அந்தப் பொடியில் கொஞ்சம் எடுத்துப்போய் எங்கள் அறிவியல் டீச்சரிடம் கொடுத்தேன், அவர் தெரிந்த பரிசோதனைக் கூடத்தில் பார்க்கச் சொன்னார். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் இரும்பில் பாதிகூட அதில் இல்லை அக்கா. கீரையிலுள்ள இரும்பு எப்படியும் உடம்பில் குறைவாகத்தான் சேருமாம், இதில் இருப்பதே குறைவு. யூரியாவும் தண்ணீரும் அதிகமானால் இலை மளமளவென்று ஊதிப் பெருக்கும், ஆனால் வேர் இழுக்கும் சத்து அதே வேகத்தில் கூடாது, காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போவதும் இலையை அப்படித்தான் ஆக்குகிறது என்று டீச்சர் விளக்கினார். சந்தைக்குப் போகும், உரம் அதிகம் காணாத நம் சோனிக் கீரையையும் பார்த்தார்கள், அதில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதைக் கேட்டதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழாயடிப் பாத்தி உனக்கென்றே ஒதுக்கியது, அதற்குத்தான் இரண்டு மடங்கு உரம், வேளை தவறாத தண்ணீர், மேலே நிழல்வலை, அதிலும் உள்ளங்கை அகலத்து இலையாகப் பார்த்துப் பறிப்பாள். எம் புள்ளைக்குன்னுதானடி பாத்துப் பாத்துப் போட்டேன், வெறும் தண்ணியவா வளத்திருக்கேன் என்று என்னிடமே கேட்டாள். உரத்தைக் குறைக்கலாமே என்றேன். போன தடவை குறைச்சுப் பாத்தோமே, இந்த வெயிலுக்கு இலை விரியறதுக்குள்ள பூத்துப்போச்சு, உரத்த நிறுத்தலாம், காத்த எங்கடி போய் நிறுத்துறது என்றார் அப்பா.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் போட்டுப் பார், குமட்டினால் டாக்டரிடம் வேறு கேள், இனி என் பேச்சைக் கேட்காதே என்று எழுதச் சொன்னாள். அப்புறம் கடைசி வரியை அடிக்கச் சொன்னாள். நான் அடிக்கவில்லை. இனி உனக்கு எதை அனுப்புவது என்று கேட்டாள், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் பொடி இருக்கும், மருந்தென்று நினைக்காதே, அனுப்பாமல் இருக்க அவளால் முடியவில்லை.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயசு இரு என்கிறாள். மாத்திரை, மறக்காதே. கீழே இருக்கும் கையெழுத்து அவளே இடது கையால் போட்டது.

உன் அம்மா

பின்குறிப்பு: அப்பா திரும்பி வந்துவிட்டார், அவர்கள் அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.